அமெரிக்க அதிபர் கேட்டது ஏன் நடப்பதில்லை?

கேள்வி இதுதான்: உலகத்திலேயே அதிகாரம் மிக்க பதவி என்று அமெரிக்க அதிபர் பதவியைச் சொல்கிறார்கள், ஆனால் சொந்தக் கட்சிக்கே இரண்டு சபையிலும் பெரும்பான்மை இருந்தும் அவர் கேட்ட சட்டம் தோற்றுப் போகிறது, திடீரென்று அரசாங்கத்தையே மூடிவிட்டார்கள் என்று செய்தி வருகிறது, குறைவான ஓட்டு வாங்கியவர் அதிபர் ஆகிறார், இது என்ன மாதிரி அமைப்பு, எங்கிருந்து ஆரம்பித்தால் புரியும்?

நான் சிகாகோவை ஒட்டிய புறநகரில் இருக்கிறேன், ஓட்டும் இங்கேதான் போடுகிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு ராத்திரியைப் பார்த்துவிடலாம். 2017 ஜூலை 28, விடியற்காலை ஒன்றரை மணி வாக்கில் வாஷிங்டனில் செனட் சபை கூடியிருக்கிறது. டிரம்ப் அதிபராகி ஆறு மாதம் ஆகிறது. வெள்ளை மாளிகை, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் குடியரசுக் கட்சியின் கையில். 2010இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்று ஏழு வருடமாகச் சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சி அது. பிரதிநிதிகள் சபை மே மாதமே 217க்கு 213 என்று தன் பங்கை முடித்துவிட்டது. செனட்டில் அவர்களுக்கு 52 பேர். ஐம்பது ஓட்டு விழுந்தால் போதும், சரிசமமானால் துணை அதிபர் மைக் பென்ஸ் தன் ஓட்டைப் போட்டு ஜெயிக்க வைப்பார், அதற்காகவே அவர் சபையில் வந்து காத்திருந்தார். மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கி இருவரும் தங்கள் கட்சியோடு சேரவில்லை. மிச்சம் இருந்தது அரிசோனாவின் ஜான் மெக்கெய்ன். வயது 80, மூளையில் புற்றுநோய் என்று தெரியவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன, கண்ணுக்கு மேலே தையல் போட்ட இடம் தெரிந்தது. பென்ஸ் அவரோடு வெகுநேரம் பேசிப் பார்த்தார், டிரம்பும் போனில் பேசினார். மெக்கெய்ன் நடந்து வந்து, ஓட்டைக் குறித்துக்கொள்ளும் மேசைக்கு முன்னால் நின்று, வலது கையை நீட்டி, ஒரு கணம் அப்படியே நிறுத்தி, கட்டை விரலைக் கீழ் நோக்கிக் காட்டினார். செனட்டில் அவர்கள் கட்சித் தலைவரான மிட்ச் மெக்கானல் கையைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 49க்கு 51. சட்டம் தோற்றது. 2008 அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்று தோற்றவரே இந்த மெக்கெய்ன்தான்.

அடுத்து என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மெக்கெய்னின் பதவி போகவில்லை, கட்சியை விட்டு நீக்கவில்லை, அரசு கவிழவில்லை, டிரம்ப் மறுநாளும் அதிபர். நம் ஊரில் இதை யோசித்துக்கூடப் பார்க்க முடியாது, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும். அமெரிக்க அமைப்பில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மெக்கெய்னுக்கு அந்த இருக்கையைக் கொடுத்தது டிரம்பும் இல்லை, கட்சித் தலைமையும் இல்லை. அரிசோனா மக்கள் கொடுத்தார்கள். அதிபரை ஒரு கூட்டம் தேர்ந்தெடுக்கிறது, செனட்டரை வேறொரு கூட்டம், பிரதிநிதியை இன்னொரு கூட்டம், வேறு வேறு கால அளவுக்கு. ஒருவர் இன்னொருவருக்குக் கீழே வேலை செய்வதில்லை. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

கட்சியில் டிக்கெட் கொடுப்பதுகூட தலைமையின் கையில் கிடையாது. பிரைமரி என்று ஒரு முதல் சுற்றுத் தேர்தல் உண்டு. இங்கே இல்லினாய்ஸில் மார்ச் மாதம் நடக்கும். வாக்குச்சாவடிக்குப் போய் 'எனக்கு இந்தக் கட்சியின் சீட்டைக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி, அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்று சாதாரண வாக்காளனாகிய நானே முடிவு செய்கிறேன், உறுப்பினர் அட்டை எதுவும் வேண்டாம். 2014இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் அவ்வளவாக யாருக்கும் தெரியாத ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2018இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைவர் ஜோ கிரௌலியை 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் தோற்கடித்தார். கட்சித் தலைமையால் இரண்டையும் தடுக்க முடியவில்லை. இதனால் ஒரு கெடுதலும் வந்தது. பெரும்பாலான தொகுதிகள் எந்தக் கட்சிக்கு என்று முன்பே தெரிந்த தொகுதிகள், அங்கெல்லாம் உண்மையான போட்டி பிரைமரியில்தான், அதற்கு வருவதோ கட்சியின் தீவிரமான ஆட்கள். அதனால் உறுப்பினர்கள் எதிர்க்கட்சியைவிடத் தங்கள் கட்சியின் கோடியில் நிற்பவர்களுக்கு அதிகம் பயப்படுகிறார்கள். இன்றைக்கு வாஷிங்டனில் இரண்டு பக்கமும் இறங்கி வராமல் நிற்பதற்கு என் கணிப்பில் முதல் காரணம் இதுதான்.

சரி, இந்த அமைப்பின் எலும்புக்கூடு எப்படி? 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி எழுதினார்கள். சட்டம் இயற்றுவது காங்கிரஸ். அது இரண்டு சபை. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், மக்கள் தொகைக்கு ஏற்ப இடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமும் தேர்தலுக்குப் போகும். செனட்டில் 100 பேர், மாநிலத்துக்கு இரண்டு, ஆறு வருடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மட்டும் தேர்தலுக்கு வரும். அதிபருக்கு நாலு வருடம், இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பது 1951இல் சேர்த்த திருத்தம். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர், அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் ஆயுள் முழுக்க இருக்கலாம். அமைச்சர்கள் சபை உறுப்பினர்களாக இருக்கக் கூடாது. மார்கோ ரூபியோ 2025இல் வெளியுறவுத் துறைக்கு வந்தபோது செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தார். அதனால் அதிபர் சபையில் எழுந்து தன் மசோதாவுக்காக வாதாடுவது என்பதே கிடையாது. அவர் கேட்கலாம், மிரட்டலாம், கெஞ்சலாம், ஓட்டுப் போட முடியாது.

மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவின் மக்கள் தொகை ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம். வயோமிங் 5 லட்சத்து 77 ஆயிரம். இரண்டுக்கும் செனட்டில் அதே இரண்டு இடம். 1787இல் சின்ன மாநிலங்கள் இது இல்லாமல் சேர மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றதால் செய்துகொண்ட சமரசம் இது. அதே கூட்டத்தில் இன்னொரு சமரசமும் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது: தென் மாநிலங்களின் அடிமைகளை, ஓட்டுரிமை எதுவும் தராமலேயே, ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டு அந்த மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் கொடுத்தார்கள். அதிபர் தேர்தல் கணக்கிலும் அது போய்ச் சேர்ந்தது. அடிமை முறை போய் 160 வருடம் ஆகிறது, அன்றைக்குப் போட்ட அடித்தளத்தில்தான் இன்னும் கட்டடம் நிற்கிறது.

ஒரு மசோதா சட்டமாக வேண்டுமென்றால் இரண்டு சபையும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும், அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டோ செய்தால், அதாவது கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினால், இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து அதை மீறலாம், அபூர்வமாக நடக்கும். இது போதாதென்று செனட்டில் ஃபிலிபஸ்டர் என்று ஒரு வழக்கம். அரசியல் சாசனத்தில் இப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. பேச எழுந்தவரை உட்கார வைக்க விதி இல்லாததால், ஒரு செனட்டர் பேசிக்கொண்டே இருந்து ஓட்டெடுப்பை நடக்க விடாமல் செய்யலாம் என்று வளர்ந்துவிட்டது. தெற்குக் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1957இல் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்கான மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் நின்று பேசினார். இப்போது யாரும் நின்று பேச வேண்டிய அவசியம்கூட இல்லை, தடுக்கிறோம் என்றால் போதும், விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும். ஆக, 51 பேர் வைத்திருக்கும் கட்சிக்குச் சாதாரணச் சட்டங்களில் பெரும்பான்மை இல்லை என்றுதான் அர்த்தம். வரி, செலவு சம்பந்தப்பட்ட சில மசோதாக்களுக்கு மட்டும் 'ரீகன்சிலியேஷன்' என்று ஒரு தனி வழி இருக்கிறது, அதில் சாதாரணப் பெரும்பான்மை போதும். மெக்கெய்ன் ராத்திரி நடந்தது அந்த வழியில்தான்.

ஃபிலிபஸ்டரை உடைத்த ஒரு நாளும் உண்டு. 1964 ஜூன் 10. கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டத்தைத் தென் மாநில செனட்டர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 ஓட்டு வேண்டும். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் மூளையில் கட்டி வந்து பேச்சே போன நிலையில் இருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து சபைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாய் திறக்கப் பார்த்தார், குரல் வரவில்லை. மெல்லக் கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆமோதிக்கும்போது அங்கே சொல்லும் 'ஐ' என்ற சொல்லும் கண்ணுக்கான ஆங்கிலச் சொல்லும் காதுக்கு ஒன்றுதான். அந்த ஓட்டு எண்ணப்பட்டது. 71க்கு 29 என்று விவாதம் முடிக்கப்பட்டது. அடுத்த மாதம் சட்டமும் வந்தது, அதே மாதக் கடைசியில் எங்கிள் இறந்தும் போனார். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனத்துவிடும். அன்றைக்கு ஆதரித்தவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள், எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தென் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்கள். லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி, கறுப்பின மக்கள் ஏன் இன்று பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த 1964ஐ ஒட்டிய வருடங்களைத்தான் பார்க்க வேண்டும். தெற்கு அதற்குப் பிறகு படிப்படியாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் போய்விட்டது.

இந்தத் தடைகள் ஒரு கட்சிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2021இல் செனட்டில் 50க்கு 50. துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டால்தான் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. பைடனின் மிகப் பெரிய சமூகநலத் திட்டத்தை அவருடைய சொந்தக் கட்சியின் ஜோ மான்சின், ஒரே ஆள், அந்த டிசம்பரில் டிவியில் வந்து என்னால் முடியாது என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவர் வந்தது மேற்கு வர்ஜீனியாவிலிருந்து, 2020இல் டிரம்ப் கிட்டத்தட்ட 39 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம். அவரை யாராலும் மிரட்ட முடியவில்லை. பேரம் பேசிச் சுருக்கிய மசோதா 2022 ஆகஸ்டில் 51க்கு 50 என்று நிறைவேறியது, அந்த 51வது ஓட்டு ஹாரிஸுடையது. துணை அதிபராக இருந்த நாலு வருடத்தில் அவர் 33 முறை இப்படிச் சமநிலையை உடைத்தார், அமெரிக்க வரலாற்றிலேயே அதிகம். அவருடைய அம்மா சியாமளா சென்னையில் பிறந்தவர், தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்.

அரசாங்கம் 'மூடப்படுவது' எப்படி என்று கேட்டதற்கு வருகிறேன். கஜானாச் சாவி காங்கிரஸின் கையில். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது, அதற்குள் செலவுக்கான மசோதா நிறைவேறாவிட்டால் அரசுத் துறைகளுக்குச் சட்டப்படி பணம் செலவழிக்க அனுமதி இல்லை. அத்தியாவசியமானவர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வர வேண்டும், மற்றவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். வேறு பல நாடுகளில் பட்ஜெட் தோற்றால் அரசு விழும், புதுத் தேர்தல் வரும், இங்கே அந்த வழி இல்லாததால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து யார் முதலில் இறங்குவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2018 டிசம்பரில் மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று டிரம்ப் நின்றார், காங்கிரஸ் தரவில்லை, 35 நாள் போனது, ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கடைசியில் ஜனவரி 25 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் வேலைக்கு வராததால் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் விமானங்கள் தேங்கி நின்றன, அன்றைக்கே உடன்பாடு வந்துவிட்டது. 2025இல் இன்னும் மோசம், அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். குடியரசுக் கட்சிக்கு செனட்டில் 53 பேர் இருந்தும் 60 வேண்டியிருந்ததால் முடியவில்லை, ஜனநாயகக் கட்சி மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கக் கேட்டது, எதிரணியிலிருந்து எட்டுப் பேர் கடந்து வந்த பிறகுதான் முடிந்தது. நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாங்கும் உணவு உதவிப் பணம் அந்த நவம்பரில் தாமதமானது. மளிகைக்கு அதை நம்பி இருக்கும் ஒரு வீட்டில் இரண்டு வாரம் என்பது என்ன என்று முடிவெடுப்பவர்கள் யோசிப்பதே இல்லை, இந்த அமைப்பில் நான் மன்னிக்க முடியாத குறை என்றால் அதுதான்.

அப்படியானால் அதிபரிடம் என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது. ராணுவத்தின் தலைவர் அவர். போர் பிரகடனம் செய்வது காங்கிரஸின் அதிகாரம் என்று எழுதியிருந்தாலும் காங்கிரஸ் கடைசியாக அப்படிப் பிரகடனம் செய்தது 1942இல், அதற்குப் பிறகு கொரியா, வியட்நாம், இராக் எல்லாமே அது இல்லாமல் நடந்தவை. காங்கிரஸ் நகராதபோது அதிபர்கள் நிர்வாக உத்தரவு போடுகிறார்கள். 1948இல் ட்ரூமன் ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழித்தது உத்தரவால்தான். ஆனால் உத்தரவு என்பது ஏற்கெனவே உள்ள சட்டம் தரும் அதிகாரத்துக்குள் நிற்க வேண்டும், அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் அதை ரத்து செய்யலாம், நடுவில் நீதிமன்றம் இருக்கிறது. 1952இல் கொரியப் போர் நடக்கும்போது எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரும் என்று அதே ட்ரூமன் ஆலைகளை அரசுடைமையாக எடுத்தார், இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று திருப்பிக் கொடுக்கச் சொன்னது, அவர் கொடுத்தார். பைடன் அறிவித்த மாணவர் கடன் தள்ளுபடி 2023 ஜூனில் அதே 6க்கு 3இல் போனது. அதனால்தான் ஒரு நீதிபதி இடத்துக்கு அப்படி அடித்துக்கொள்கிறார்கள். 2016 மார்ச்சில் ஒபாமா சொன்ன மெரிக் கார்லண்டின் பெயரை, தேர்தல் வருடம் என்று சொல்லி, குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் பரிசீலனைக்கே எடுக்கவில்லை. 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, டிரம்ப் சொன்ன ஏமி கோனி பேரட்டை அதே செனட் உறுதி செய்தது. இரண்டும் சட்டப்படி சரி. நியாயப்படி எனக்கு ஒப்பவில்லை.

இனி, குறைந்த ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பது. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள், செனட்டர்கள் எண்ணிக்கையைக் கூட்டினால் வரும் அளவுக்குத் தேர்வாளர் ஓட்டு, அதாவது அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த மாநிலத்தின் பங்காக எண்ணப்படும் ஓட்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. மொத்தம் 538, ஜெயிக்க 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலத்திலும் முதலில் வந்தவருக்கு அந்த மாநிலத்தின் மொத்த ஓட்டும் போய்விடும், ஒரு ஓட்டு வித்தியாசம் என்றாலும் சரி. இதன் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் வருட அக்டோபரில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் போதும். இல்லினாய்ஸுக்கு 19 ஓட்டு, அது ஜனநாயகக் கட்சிக்கு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எந்த வேட்பாளரும் எங்களைக் கண்டுகொள்வதில்லை, விளம்பரம்கூட அபூர்வம். விஸ்கான்சின் எல்லையைத் தாண்டி கெனோஷா போனால் டிவியைப் போட்ட ஐந்து நிமிடத்தில் நாலு தேர்தல் விளம்பரம், வீட்டுக்கு வீடு அட்டை, கதவைத் தட்டும் தொண்டர்கள். அங்கே 10 ஓட்டுதான். ஆனால் 2016இல் டிரம்ப் சுமார் 23 ஆயிரம், 2020இல் பைடன் சுமார் 21 ஆயிரம், 2024இல் மறுபடி டிரம்ப் 30 ஆயிரத்துக்குள், இவ்வளவுதான் வித்தியாசம், முப்பது லட்சம் ஓட்டு விழும் மாநிலத்தில். 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கினார், ஆனால் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் பதவியை இழந்தார். 2000இல் அல் கோர் ஐந்து லட்சத்துக்கு மேல் முன்னிலை, ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் போனது. கலிஃபோர்னியாவில் கிடைத்த உபரி ஓட்டும் சரி, டெக்சாஸில் எதிர்க்கட்சிக்கு விழுந்த லட்சக்கணக்கான ஓட்டும் சரி, கணக்கில் சேருவதே இல்லை.

இவ்வளவு நேரம் வாஷிங்டனையே பேசினேன், ஆனால் அன்றாட வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் மாநில அரசுதான். கவர்னர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மத்திய அரசு அனுப்பி வைப்பவர் ஞாபகம் வரும், இங்கே கவர்னர் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுப்பவர், அதிபரால் அவரை நீக்க முடியாது, மாநில அரசைக் கலைக்கவும் முடியாது. சிகாகோ நகரத்தின் தென்கிழக்கு எல்லையே இந்தியானா மாநிலத்தின் எல்லை. தெருவைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது: இந்தப் பக்கம் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர், சிகாகோ நகரத்துக்குள் இன்னும் அதிகம், அந்தப் பக்கம் 7.25. இங்கே கஞ்சா கடையில் விற்கலாம், அங்கே குற்றம். இங்கே மரண தண்டனையை 2011இல் எடுத்துவிட்டார்கள், அங்கே இன்றும் உண்டு. 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் முடிவுக்கு விட்ட பிறகு இங்கே அது உரிமை, அங்கே ஏறக்குறைய முழுத் தடை. ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட்.

அதற்கும் கீழே கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி), நகரம், பள்ளி வாரியம், நூலக வாரியம், தீயணைப்பு வட்டாரம் என்று நாடு முழுக்க 90 ஆயிரம் உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. நவம்பரில் எங்கள் குக் கவுன்டியில் கொடுக்கும் சீட்டு ஒரு பெரிய தாள், இரண்டு பக்கமும் அச்சடித்திருக்கும். மேலே அதிபர், கீழே செனட்டர், பிரதிநிதி, மாநில சட்டமன்றம், கவுன்டியின் அரசு வழக்கறிஞர், அப்புறம் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வட்டாரத்தின் ஆணையர்கள். ஆமாம், சாக்கடையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் தேர்தல்தான். புரட்டினால் நீதிபதிகள், டஜன் கணக்கில், ஒவ்வொரு பெயருக்கும் 'தொடரலாமா, வேண்டாமா', அறுபது சதவீதம் பேர் 'ஆம்' என்றால்தான் பதவி நீடிக்கும். முதல் தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெயரும் தெரியாமல் காலியாகவே விட்டுவிட்டு வந்தேன். இப்போது முந்தின வாரமே மாதிரிச் சீட்டை அச்செடுத்து, வழக்கறிஞர் சங்கங்கள் ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும் கொடுக்கும் மதிப்பீட்டைப் படித்து, குறித்து வைத்துக்கொண்டு போகிறேன், ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போகும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்களே, ஏதாவது ஒரு கவுன்டியின் மாதிரிச் சீட்டை இணையத்தில் தேடி எடுத்து மேலிருந்து கீழாகப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு விஷயம் பாருங்கள்: இது நடக்க யார் யாருடைய ஓட்டு வேண்டும், அவர்கள் ஒவ்வொருவரும் எந்த ஊர் மக்களிடம் திரும்பிப் போய் நிற்க வேண்டும். பாதிச் செய்தி புரிந்துவிடும்.

இதையெல்லாம் மாற்ற முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். சாசனத்தைத் திருத்த இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் 27 திருத்தம்தான் வந்திருக்கிறது, அதில் பத்து 1791இல் ஒரே மூச்சில் வந்தவை. தேர்வாளர் ஓட்டு முறையை ஒழிக்க ஒரு தடவை மிக அருகில் போனார்கள். 1968இல் ஜார்ஜ் வாலஸ் என்ற மூன்றாவது வேட்பாளர் 46 தேர்வாளர் ஓட்டு வாங்கியதும் இரண்டு கட்சியும் பயந்துவிட்டன, யாருக்கும் 270 கிடைக்காமல் போனால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய்விடும். மக்கள் ஓட்டிலேயே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற திருத்தம் 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 330க்கும் மேற்பட்ட ஓட்டுகளோடு நிறைவேறியது, எதிர்த்தவர்கள் 70 பேர்தான். அதிபர் நிக்சனும் ஆதரிப்பதாகச் சொன்னார். செனட்டுக்கு வந்தது. தென் மாநிலங்களையும் சின்ன மாநிலங்களையும் சேர்ந்த செனட்டர்கள் ஃபிலிபஸ்டர் செய்தார்கள், முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே ஸ்ட்ரோம் தர்மண்ட். 1970 செப்டம்பர் 17 அன்று விவாதத்தை முடிக்க ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 54, எதிர்ப்பு 36. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு ஓட்டுக் குறைந்தது.